கடைசிப் பெயர் வரும்வரை

பிசின் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. வீட்டில் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அக்கா ஒருநாள் அவளை அப்படிக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அவள் பிசின்தான்.

அவளுக்குப் பத்து வயது. பள்ளியின் திரைப்பட மன்றத்தில் இருக்கும் பதினான்கு பேரில் அவளும் ஒருத்தி. மன்றத்தை நடத்துவது நூலக டீச்சர். அந்த மன்றத்துக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. படம் முடிந்ததும் எழுந்து ஓடக்கூடாது. திரையில் கடைசிப் பெயர் வந்து மறையும்வரை இருந்து பார்க்க வேண்டும்.

"சமைச்சவங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாம கை கழுவிட்டுப் போவீங்களா?" என்று டீச்சர் கேட்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் போவோம் என்று பாதிப் பேருக்குத் தோன்றும். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள்.

அந்த மாதம் டீச்சர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். சனிக்கிழமை காலை வெளியே ஒரு சின்னத் திரையரங்குக்குப் போய் ஐந்து குட்டி ஆவணப்படங்கள் பார்க்கப் போகிறார்கள். சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவர்கள் பற்றி ஒன்று. கோலிக்குண்டு செய்கிற தொழிற்சாலை பற்றி ஒன்று. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைப் பாதுகாக்கும் அறை பற்றி ஒன்று. நாற்பது மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கும் பெண்ணைப் பற்றி ஒன்று. பிசினுக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை அதிகம்.

ஐந்தாவது படத்தின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் படபடவென்று வந்தது. 'ஒரு நாளைக்குப் பதினாறு தடவை.' ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடும் ஒரு பழைய விசைப்படகைப் பற்றிய படம். அதில் ஒலிப்பதிவு செய்தது அவளுடைய அக்கா.

வீட்டுக்கு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா இருப்பது வேறு ஊரில்.

"அக்கா! உன் படத்தை நாங்க தியேட்டர்ல பாக்கப்போறோம்! வேன் ஓட்டப்போறது அப்பாதான்!"

அக்காவின் குரல் சட்டென்று தணிந்தது.

"பிசினு, அப்பாவையும் உள்ள கூட்டிட்டுப் போறியா? என் படம்னு முன்னாடியே சொல்லிடாத. சொன்னா வரமாட்டார். கடைசில பேரு ஓடும். அதுவரைக்கும் அவரை உக்கார வெச்சிரு. அது போதும் எனக்கு."

"நீ கவலையே படாத" என்றாள் பிசின்.

கவலைப்பட வேண்டிய விஷயம்தான் அது. அப்பா அவர்கள் பள்ளியின் வேன் ஓட்டுநர். அக்கா நல்லதோர் அலுவலக வேலையை விட்டுவிட்டு ஒலிப்பதிவு கற்றுக்கொள்ளப் போனதில் அவருக்கு வருத்தம். "ஊர்ல இல்லாத சத்தமா? அதைப் போய்க் குச்சியில மைக்கைக் கட்டிப் புடிக்கணுமா?" என்று ஒருமுறை கேட்டார். அதற்கப்புறம் இருவரும் சரியாகப் பேசி ஒரு வருடம் ஆகப்போகிறது. சண்டை என்றும் சொல்ல முடியாது. அக்கா போன் செய்தால் அப்பா எடுப்பார். "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பார். அவ்வளவுதான். போனைக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிசினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

எப்படியாவது அப்பா அந்தப் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள்.

*

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே வேன் திரையரங்கு வாசலில் போய் நின்றது. படம் பத்து மணிக்குத்தான். உள்ளே இன்னும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்தில் ஒரு பாப்கார்ன் கடை, இரண்டு கழிப்பறைகள், மாடிக்குப் போகும் ஒடுக்கமான படிக்கட்டு. உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை.

படிக்கட்டில் இறங்கி வந்தார் படம் ஓட்டும் ஆபரேட்டர். காதில் பென்சில் செருகியிருந்த இளைஞர். டீச்சர் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தார். அதில் டீச்சர் அழகாகக் கணக்குப் போட்டிருந்தார். மாணவர் தலைவர் உரை ஐந்து நிமிடம். ஐந்து படங்களுக்கும் சேர்த்து ஐம்பத்து நான்கு நிமிடம். இடைவேளை பத்து நிமிடம். ஆக மொத்தம் அறுபத்தொன்பது. அரங்கம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது பத்து மணியிலிருந்து பதினொன்று பத்து வரை, அதாவது எழுபது நிமிடம். ஒரு நிமிடம் மிச்சம் வேறு.

ஆபரேட்டர் தாளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"டீச்சர், முதல் படம் பதினொரு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. என்கிட்ட பதிமூணு காட்டுதே."

"இருக்காதே. நானே வீட்ல கடிகாரம் வெச்சுப் பாத்தேன்."

"கடிகாரத்தை எப்ப நிறுத்துனீங்க?"

"படம் முடிஞ்சதும்…" என்று ஆரம்பித்த டீச்சர், பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ! பேரு ஓடும்போது உக்காந்து பாத்தேன். ஆனா கடிகாரத்தை அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்!"

கடைசிப் பெயர்வரை பார்க்க வேண்டும் என்று விதி போட்ட டீச்சரே, பெயர் ஓடும் நேரத்தைக் கணக்கில் விட்டுவிட்டார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள்.

ஆபரேட்டர் பென்சிலை எடுத்துக் கூட்டினார். "அஞ்சு படத்துக்கும் பேரு மட்டும் பதினொரு நிமிஷம் வருது. உங்களுக்கு மிச்சம் ஒரு நிமிஷம். பத்து நிமிஷம் இடிக்குது. பதினொண்ணு பத்துக்கு அடுத்த ஷோ இருக்கு. ஒண்ணும் பிரச்சினை இல்ல டீச்சர், பேரு வந்ததும் கட் பண்ணிடுறேன். அதை யாரு பாக்கிறாங்க?"

"நாங்க பாப்போம்!" என்றாள் பிசின்.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். "தப்பு என்னோடதுதான்மா. இந்த ஒரு தடவை விட்டுடுவோம். அடுத்த தடவை சரியா கணக்குப் போடுறேன்."

அடுத்த தடவை அக்காவின் படம் வராது. அப்பாவும் வரமாட்டார். ஆனாலும் பிசின் விடவில்லை.

"அண்ணா, பத்து நிமிஷத்தை நாங்க எங்கேயாவது மிச்சம் புடிச்சுக் குடுத்தா பேரை ஓட்டுவீங்களா?"

ஆபரேட்டர் சிரித்தார். "குடுத்தா ஓட்டுறேன். எனக்கென்ன?"

*

பத்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. இடைவேளையில் இருக்கிறது. ஆனால் அதை எடுப்பதுதான் கஷ்டம்.

"இடைவேளை வேண்டாமா? பாப்கார்ன் வேண்டாமா? இதுக்காகத்தான் நான் மன்றத்துலயே சேந்தேன்!" என்று கத்தினான் நான்காம் வகுப்புப் பொடியன் ஒருவன். அவனுக்குப் பின்னால் பத்துத் தலைகள் ஆடின.

"அப்ப தலைவர் பேச்சை வெட்டிடலாம்" என்றது ஒரு குரல்.

"என் பேச்சுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றான் மாணவர் தலைவன். அவனுக்குப் பட்டப்பெயர் பிரசங்கி. ஏழாம் வகுப்பு. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தான். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் தயாராக இருந்தது.

பிசின் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? பேருதானே?" என்றான் அவன்.

"எங்க அக்கா பேரு வரும்" என்றாள் அவள். மற்றதையும் சொன்னாள். அப்பாவைப் பற்றி, போனைப் பற்றி, எல்லாவற்றையும்.

பிரசங்கி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தாளை எடுத்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"சரி, நான் பேசல" என்றான். அதைச் சொல்ல அவன் பட்ட பாடு முகத்திலேயே தெரிந்தது.

பிசினுக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஆசைக்காக இன்னொருவன் ஒரு வாரம் பழகியதைக் குப்பையில் போடுவதா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தெட்டு. பத்து மணி ஆக இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. பதினான்கு பேரும் சும்மாதானே நின்றுகொண்டிருக்கிறார்கள்!

"பேச வேண்டாம்னு யாரு சொன்னது? இப்பவே பேசு, இங்கேயே! இடைவேளையையும் இப்பவே விட்டுடலாம். உள்ள போனதும் நேரா படம்தான்!"

பிரசங்கியின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது.

பாப்கார்ன் கடைக்காரம்மாதான் முதலில் மசியவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "இடைவேளைக்குத்தான் மெஷினைப் போடுவேன். இப்பவே போட்டா ஆறிப்போயிடும்."

"அக்கா, இன்னைக்கு எங்களுக்கு இடைவேளையே கிடையாது. இப்ப போட்டா பதினாலு பொட்டலம் போகும். அப்புறம் போட்டா ஒண்ணுகூடப் போகாது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் உறும ஆரம்பித்துவிட்டது.

பொரி வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே பிரசங்கி முன்கூடத்தில் நின்று முழங்கினான். "மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே, அன்புத் தோழர் தோழியரே, ஆவணப்படம் என்றால் என்ன?" பதினான்கு பொட்டலங்கள் மொறுமொறுத்ததில் ஆவணப்படம் என்றால் என்ன என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் முடிந்ததும் பலத்த கைதட்டல். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். எல்லோரும் கழிப்பறைக்கும் வரிசையில் போய்வந்தார்கள்.

பிசின் மட்டும் வாசலுக்கு ஓடினாள். அப்பா வேன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உள்ள வாங்கப்பா. படம் பாக்கலாம்."

"எனக்கெதுக்கும்மா படம்? இருட்டுல உக்காந்தா தூக்கம்தான் வரும்."

"தூங்குங்களேன். யாரு வேண்டாம்னா? உள்ள ஏசி இருக்கு."

அப்பா வேனைப் பார்த்தார். வேனுக்குள் அனலடித்தது. துணியை மடித்து வைத்துவிட்டு அவள் பின்னால் வந்தார்.

*

பத்து மணிக்கு விளக்கு அணைந்தது. சாலைக் கோடு போடுகிறவர்கள் வந்தார்கள். அப்பா ஐந்தாவது நிமிடமே தூங்கிப்போனார். படம் முடிந்து பெயர்கள் ஓடின. யாரும் அசையவில்லை. ஆபரேட்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கோலிக்குண்டுப் படமும் ஓடியது. மூன்றாவது படம் பாதியில் இருக்கும்போதுதான் சனியன் பிடித்தது. தொலைந்துபோன ஒரு செயற்கைக் காலைத் தேடிக்கொண்டு ஒரு தாத்தா வருகிறார். பாதுகாப்பு அறை அதிகாரி அலமாரியைத் திறக்கிறார். திரையில் அப்படியே எல்லாம் நின்றுவிட்டது. அலமாரிக் கதவு பாதி திறந்தபடி நின்றது.

மேலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் நின்னுடுச்சு. மறுபடி போடுறேன். கொஞ்சம் பொறுங்க."

கொஞ்சம் என்பது எட்டு நிமிடம் ஆனது. பிள்ளைகளுக்கு அந்தக் கால் கிடைத்ததா என்ற கவலை. பிசினுக்கு வேறு கவலை. விரல்விட்டு எண்ணினாள். இடைவேளையையும் பேச்சையும் வெளியே தள்ளியதில் கிடைத்தது பதினைந்து நிமிடம், பெயர்களுக்கு இடித்த பத்து போக ஐந்து மிச்சமாகியிருந்தது. இப்போது எட்டு போய்விட்டது. ஆக மூன்று நிமிடம் குறைகிறது. ஆபரேட்டர் தாளில் குறித்திருந்தபடி, கடைசிப் படத்தில் பெயர் ஓடுவதும் சரியாக மூன்று நிமிடம்தான்.

வேறு எந்தப் படத்தின் பெயர்களும் போகாது. அக்காவின் பெயர்தான் போகும்.

மூன்றாவது படம் முடிந்து, நான்காவது ஆரம்பித்தது. நாற்பதாவது மாடியில் ஒரு பெண் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். எவ்வளவு ஆசைப்பட்ட படம்! பிசின் எழுந்தாள். திரையைப் பார்க்காமல் இருட்டில் தடவித் தடவி வெளியே போய்ப் படிக்கட்டு ஏறினாள்.

"அண்ணா, கடைசிப் பேரை வெட்டப்போறீங்களா?"

ஆபரேட்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. "என்னம்மா செய்யறது? பதினொண்ணு பத்துக்கு அடுத்த ஷோக்காரங்களை உள்ள விட்டாகணும். கீழ எட்டிப் பாரு, இப்பவே வந்து நிக்கிறாங்க. அவங்க மூணு நிமிஷம் பொறுத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல."

கீழே முன்கூடம் நிரம்பியிருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பதினொன்று பத்துக் காட்சிக்குப் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். கையில் பட்டியலுடன் முன்னால் நின்றவர் சங்கச் செயலாளர்.

பிசின் நேராக அவரிடம் போனாள்.

"தாத்தா, ஒரு உதவி. நீங்க மூணு நிமிஷம் லேட்டா உள்ள வர முடியுமா?"

"மூணு நிமிஷமா? ஏற்கனவே கால் மணி நேரமா நிக்கிறோம். இங்க ஒரு நாற்காலி உண்டா பாரு. என் முட்டி என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என் இடுப்பு அதுக்கு மேல சொல்லுது" என்றார் பின்னாலிருந்த ஓர் அம்மா.

பிசின் அவர்களைப் பார்த்தாள். ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். இன்னொருவர் குடையை ஊன்றிக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தார். இவர்களை இன்னும் நிற்கச் சொல்வது நியாயமே இல்லை என்று அவளுக்குப் பட்டது. இவர்களுக்கு வேண்டியது நேரம் இல்லை, நாற்காலி. அவளுக்கு வேண்டியதோ நாற்காலி இல்லை, நேரம்!

"தாத்தா, நீங்க லேட்டாவே வர வேண்டாம். சரியா பதினொண்ணு பத்துக்கு உள்ள வந்து எங்க சீட்ல உக்காந்துக்குங்க. நாங்க எழுந்து சுவரோரமா நிக்கிறோம். பேரு ஓடி முடியற வரைக்கும் மூணு நிமிஷம் மட்டும் பேசாம இருங்க. அது போதும்."

செயலாளர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "எதுக்கும்மா இவ்வளவு பாடு? யாரு பேரு அது?"

"எங்க அக்கா பேரு."

செயலாளர் பட்டியலை மடித்தார். பிறகு சங்கத்தாரைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டீங்கல்ல? உள்ள போனதும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா நீங்க ரெண்டு பேரும்."

அந்த இரண்டு பேரும் ரொம்பக் கோபித்துக்கொண்டார்கள்.

பிசின் மேலே ஓடி ஆபரேட்டரிடம் சொன்னாள். பிறகு உள்ளே போய் டீச்சரின் காதில் சொன்னாள். டீச்சர் பக்கத்தில் இருந்தவன் காதில் சொல்ல, அது வரிசையாக மற்ற எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குள் நாற்பது மாடிப் பெண் தரைக்கு வந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

*

கடைசிப் படம் ஆரம்பித்தது.

முதலில் திரையில் ஒன்றுமே இல்லை. கருப்பு. சத்தம் மட்டும் வந்தது. தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம். யாரோ இரும்புப் படியில் இறங்கும் சத்தம். பிறகு ஓர் எஞ்சின் இருமி, மறுபடி இருமி, தடதடவென்று பிடித்துக்கொண்டது. நாற்காலிகளே அதிர்வதுபோல் இருந்தது.

அப்பாவின் குறட்டை நின்றது.

கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தலையை லேசாகச் சாய்த்தார். வேன் எஞ்சினைக் கேட்கும்போது எப்படிச் சாய்ப்பாரோ அப்படியே.

"பெல்ட் தளந்திருக்கு" என்றார்.

அரங்கம் முழுக்கக் கேட்டது. பொடியன் கிக்கென்று சிரித்தான். "ஷ்ஷ்" என்றார் டீச்சர்.

திரையில் படகு வந்தது. எஞ்சின் அறையில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஓர் ஓட்டுநர். அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு ஸ்பானரை எடுத்துக் குனிந்து, பெல்ட்டை இழுத்து முடுக்கினார். கீச்சென்று ஊடே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

பதின்மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிசின் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்து அமைதியாக இருந்தாள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் உளறிக் கொட்டியிருப்பாள்.

அப்பா இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படகு இக்கரைக்கு வந்தது, அக்கரைக்குப் போனது. பாரம் ஏறினால் எஞ்சின் குரல் கனத்தது. பாரம் இறங்கினால் லேசானது. பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே படகுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தது.

"எஞ்சினுக்குள்ள காதை வெச்ச மாதிரில்ல இருக்கு" என்று அப்பா மெல்லச் சொன்னார். "எவன் புடிச்சான் இதை?"

"கடைசில போடுவாங்கப்பா. இருங்க."

பதினாறாவது தடவை முடிந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். எல்லாம் அமைதி. திரை கருத்தது. மணி சரியாகப் பதினொன்று பத்து.

பின்கதவு திறந்தது. மன்றத்தின் பதினான்கு பேரும் சத்தமில்லாமல் எழுந்து இரண்டு சுவரோரமும் வரிசையாக நின்றார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். முப்பது பேர் வந்ததில் ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, முடிஞ்சிருச்சில்ல? போலாம் வா" என்று கதவைப் பார்த்து நடந்தார்.

பிசின் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மூணே நிமிஷம்பா."

அவள் பிடித்தால் விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? நின்றார்.

பெயர்கள் கீழிருந்து மேலே போயின. இயக்கம். ஒளிப்பதிவு. படகில் வேலை செய்தவர்கள். டீ வாங்கிக் கொடுத்தவர். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அக்காவைக் காணோம். ஒருவேளை விட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்துவிட்டாள்.

அப்போது 'ஒலிப்பதிவு' என்று வந்தது. அதன் கீழே ஒரு பெயர்.

எல்லோரும் தங்கள் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூட நோட்டில் பிசினும் அப்படித்தான் எழுதுவாள். ஆனால் திரையில் இருந்தது ஒற்றை எழுத்து இல்லை. அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. அதை ஒட்டி அக்காவின் பெயர் இருந்தது. அப்பா என்றைக்காவது இதைப் பார்ப்பாரா மாட்டாரா என்று தெரியாமலே அக்கா அப்படிப் போட்டிருக்கிறாள். பிசினுக்கும் இதைச் சொல்லவில்லை.

அப்பா ஒருமுறை படித்தார். உதடு அசைந்தது. அது மேலே ஏறி மறையும்வரை தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிசினின் பிடியிலிருந்த அவர் கை இப்போது அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

விளக்கு எரிந்தது. மூன்று நிமிடம் அடக்கி வைத்திருந்த செருமல்கள் முப்பதும் ஒன்றாக வெடித்தன.

"இதுல உங்க அக்கா பேரு எதும்மா?" என்று செயலாளர் தாத்தா கேட்டார்.

அப்பாதான் சொன்னார். "ஒலிப்பதிவுன்னு வந்துச்சே சார், அது என் மூத்த பொண்ணு." திரையைக் கையால் காட்டினார். "முன்னாடி இருந்தது என் பேரு."

*

வெளியே வந்ததும் அப்பா வேன் பக்கம் போகவில்லை. முன்கூடத்தின் மூலையில் போய் நின்று போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். பிசின் நான்கடி தள்ளிச் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள்.

"ஆமா, நான்தான்… இல்ல, அம்மாகிட்ட குடுக்கல, நான்தான் பேசறேன். ஏம்மா, அந்த பெல்ட் சத்தம் வந்துச்சே, அதை எடுக்கும்போது மைக்கை எங்க வெச்சிருந்த?… என்னது, எஞ்சினுக்கு அடியிலயா? சூடா இருந்திருக்குமே! கையைச் சுட்டுக்கலையே?"

மறுபக்கம் அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஆனால் அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார். இப்போதைக்கு முடிக்கிற மாதிரித் தெரியவில்லை.

டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "டிரைவர் எங்க? நேரமாச்சே."

"இன்னும் முடியல டீச்சர்" என்றாள் பிசின்.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிசினையும் கூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போய் வேனில் ஏறி உட்கார்ந்தார். வெயிலில் நின்ற வேன் கொதித்தது. பொடியனுக்கு மறுபடி பசித்தது. பிரசங்கிக்குத் தன் பேச்சை இன்னொரு முறை பேசிக்காட்ட ஆசையாக இருந்தது.

ஆனாலும் பதினான்கு பேரும் காத்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கை காலியாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவர்கூடக் கையை நீட்டி ஹாரன் அடிக்கவில்லை.